நெய்தல் நிலத்துச் சைக்கிள் தாங்கி: வடசென்னையை முன்வைத்து ஓர் ஆய்வு

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நீளும் கடலோரப் பட்டையில் சக்கரம் கட்டிய எதையும் ஆய்வுலகம் விட்டுவைக்கவில்லை. 1856-ல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ராயபுரத்திலிருந்து கிளம்பியதை எழுதாத வரலாற்றாசிரியர் இல்லை (1837-லேயே செங்குன்றத்திலிருந்து கல் ஏற்றி ஓடிய வண்டியையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்போர் தனிக்கட்சி). 1948-ல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆஸ்டின் கார்களைப் பூட்டியதும், 1955-ல் அசோக் லேலண்டு என்று பெயர் மாறியதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. அதே 1955-ல் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் புல்லட்டுக்கு ஆய்வாளர்கள் மட்டுமல்ல, பக்தர்களே உண்டு. ஆனால் இந்தத் தொழிற்சாலைகளின் முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதுமுன் கேட்டு வாசலில் வந்து குவிந்த சைக்கிள்களை, அவற்றின் உடைமையாளர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டு வாசலில் எதன்மேல் நிறுத்திப் பழுதுபார்த்தார்கள் என்று எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கவில்லை. அந்தக் குறையைத் தீர்க்க இக்கட்டுரை முன்வருகிறது.

முதலில் ஆய்வெல்லை. ரயிலடியில் டோக்கன் வாங்கிக்கொண்டு வண்டியை விடும் ஸ்டாண்டு இங்கே பேசப்படவில்லை. சினிமா கொட்டகை ஸ்டாண்டும் இல்லை. அங்கே ஒன்று சாய்ந்தால் வரிசை முழுதும் சாயும் என்பது தனி இயல். வீட்டில் சைக்கிளைக் கழற்றிப் பூட்ட வசதியாக அதைத் தரையிலிருந்து தூக்கி நிறுத்த வேண்டும். வேலை முடிந்ததும் மடக்கிக் கட்டிலடியில் தள்ள வேண்டும். இவ்விரண்டையும் செய்யும் கருவியே நம் ஆய்வுப்பொருள். அதை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதற்கும் முன்னால், அது வேண்டுமா? தேர்ந்த ஆய்வாளர் இரண்டாவது கேள்வியைத் தொடாமல் முதல் கேள்வியிலேயே முந்நூறு பக்கம் ஓட்டுவார். நமக்கு அவ்வளவு இடமில்லாததால் இரண்டையும் பார்த்தாக வேண்டும்.

தமிழாய்வு திணையில்தான் தொடங்க வேண்டும். தொல்காப்பிய மரபுப்படி இவ்வட்டாரம் நெய்தல். இதற்குரிய சிறுபொழுது எற்பாடு. முதல் ஷிப்டு முடிந்து வந்தவர் லுங்கிக்கு மாறி, ஸ்பேனர் எங்கே என்று வீட்டாரை விசாரிக்கும் நேரமும் அதுவே. உரிப்பொருள் இரங்கல். காசிமேட்டில் ஒரு மழைக்காலம் முழுக்கச் சைக்கிளை வெளியே விட்டுவைத்தவருக்கு இரங்கல் என்றால் என்னவென்று எந்த உரையாசிரியரும் விளக்க வேண்டியதில்லை. கருப்பொருள்களில் உப்பு வருகிறது. அங்கேதான் நம் ஆய்வு சூடுபிடிக்கிறது.

காற்றோடு வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். குரோம் பூச்சில் ஊசிமுனை அளவு ஓட்டை கிடைத்தால் போதும், அதன்வழியே இறங்கி இரும்பைத் தின்னத் தொடங்கும். ரிம்மில் முதலில் கொப்புளம் வரும், பிறகு செதில் செதிலாய் உரியும். போக்ஸ் கம்பியின் நிப்பிள் இறுகிப்போய், கோட்டம் எடுக்கலாமென்று திருகினால் கம்பியே கையோடு வரும். கேரியரில் மீன்பெட்டி கட்டும் வண்டியென்றால், ஐஸ் உருகிய மீன்நீர் நேரே பின் ஹப்பில் சொட்டும். துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி கிரீஸில் கலந்து பால்ரஸை உள்ளிருந்தபடியே அரைக்கும். ஆகவே மேற்கே உள்ளவர்கள் ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, அத்தோடு பராமரிப்பு முடிந்ததென்று இருந்துவிடலாம். கடலோரத்தில் அது செல்லாது. இங்கே சைக்கிள் வைத்திருப்பவர் யாரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அரை மெக்கானிக்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின் வெள்ளம் தெருக்களை விட்டு வடிந்தது, ஹப்புக்குள்ளும் கிராங்க் அச்சு சுழலும் பி.பி. கப்புக்குள்ளும் புகுந்த நீர் வடியவில்லை. ஒரே வாரத்தில் எல்லா வண்டிக்கும் ஓவராயில் தேவைப்பட்டது. அதே வெள்ளத்தில் மணலிப் பக்கமிருந்து எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணூர்க் கழிமுகம் வரை வந்து பரவியது. செயினுக்கு நாலு சொட்டு எண்ணெய் போதுமென்றிருந்த வட்டாரத்துக்கு, படகும் வலையும் அலையாத்தி மரமும் கறுத்துப்போகும் அளவுக்கு வந்து சேர்ந்தது. ஆய்வுநெறி கோபப்பட இடம் தராது, மேலே செல்வோம்.

முன்னாய்வாளர்களில் முதலில் நிற்பவர்கள் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த ஹோவர்டு ஹாக்கின்ஸும் ஆர்ட் எங்ஸ்ட்ராமும். குனிந்தே வேலை பார்த்து இடுப்பு விட்டுப்போன அவர்கள், நின்றபடி வேலை செய்ய ஒரு ஸ்டாண்டைத் தாங்களே செய்துகொண்டார்கள். அதிலிருந்துதான் 1963-ல் பார்க் டூல் என்ற நிறுவனம் கிளம்பியது. அந்த முதல் ஸ்டாண்டில் பழைய ஃபோர்டு லாரியின் அச்சு ஒன்று இருந்தது. பழைய வண்டிகளின் உதிரிபாகம் விற்கும் புதுப்பேட்டைக்கு ஒரு நடை போய்வந்த எவரும் இதைக் கேட்டு வியக்க மாட்டார்கள். நாம் குறித்துக்கொள்ள வேண்டியது வேறொன்று: அந்த ஸ்டாண்டு சைக்கிளுக்காகச் செய்யப்பட்டதல்ல, இடுப்புக்காகச் செய்யப்பட்டது. சைக்கிளுக்குத் தரையில் கிடப்பதில் என்றுமே ஆட்சேபம் இருந்ததில்லை.

அவர்கள் வழிவந்தோர் இன்று மூன்று கட்சியாய் நிற்கிறார்கள். பெரிய கட்சி கவ்விக்காரர்களுடையது. விரியும் கால்கள், நடுவே கம்பம், உச்சியில் ரப்பர் வைத்த தாடை. அது சீட் போஸ்ட்டைக் கவ்வ, வண்டி அந்தரத்தில் தொங்கும். பிரேமின் குழாயைக் கவ்வக் கூடாது என்பது இவர்கள் வேதம், கார்பன் குழாயும் மெல்லிய அலுமினியக் குழாயும் நசுங்கிவிடும் என்பதால். நம் ஊர்ப் பழைய வண்டியிடம் இந்த வேதம் பலிக்காது. சீட்டைத் தாழ இறக்கித்தான் வைத்திருப்போம். சீட்டு ஸ்பிரிங்குக்கும் பிரேமுக்கும் நடுவே தாடை நுழைய இடமிருக்காது. பாரைத்தான் கவ்வ வேண்டும். பாரோ கெட்டி இரும்பு. நசுங்குவதென்றால் தாடைதான் நசுங்கும். வண்டியே இருபது கிலோவைத் தொடும். கேரியர், டைனமோ, செயின் கவர், ஹேண்டில்பாரில் மறந்து மாட்டிய பை எல்லாம் சேர்த்தால் இன்னும் ஏறும். எனவே கவ்வி ஸ்டாண்டு வாங்குகிறவர் அதில் அச்சடித்திருக்கும் தாங்கு எடையைப் படித்து, அதில் பாதியை நம்புவது நலம்.

இரண்டாம் கட்சியினர் முன்சக்கரத்தைக் கழற்றி, போர்க்கை ஒரு குறுக்குச் சட்டத்தில் பூட்டி, பி.பி.யை அதன்மேல் உட்கார வைப்பார்கள். பந்தய வண்டிக்கு இது நொடியில் முடியும். அதன் அச்சு விரலால் நெம்பினால் விடும். நம் வண்டியில் அச்சுக்கு நட்டு, நட்டுக்குத் துரு, துருவுக்கு மண்ணெண்ணெய். அதற்குமேல் மட்கார்டு கம்பி, பிரேக் ராடு. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றுமுன்பே பாதி ஓவராயில் முடிந்திருக்கும்; அதன்பின் ஸ்டாண்டு எதற்கென்ற கேள்வி எழும்.

மூன்றாம் கட்சி சிறியது, அடக்கமானது. பின்சக்கர அச்சின் இரு பக்கமும் கொக்கி போட்டு, பின்சக்கரத்தை மட்டும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தும் குட்டித் தாங்கி. விலை குறைவு, எடை குறைவு, கட்டிலடியில் போகும். இதையே பரிந்துரைத்துக் கட்டுரையை முடித்துவிடலாமென்று இருந்த வேளையில் கள ஆய்வு குறுக்கிட்டது.

தண்டையார்பேட்டையில் வேப்பமரத்தடியில் கடை போட்டிருக்கும் முதியவரிடம் அந்தத் தாங்கியின் படத்தைக் காட்டி, “அண்ணே, இது பின் வீலைத் தூக்கிப் பிடிக்குமாம்” என்று சொன்னபோது, அவர் பஞ்சர் தொட்டியிலிருந்து கையை எடுக்காமலே படத்தைப் பார்த்தார்.

“வண்டியிலயே ஸ்டாண்டு கீதே சார். ஒரு மிதி மிதிச்சு இழுத்தா பின் வீலு தூக்கிக்குது. அதுக்கு இன்னாத்துக்கு இன்னொரு ஸ்டாண்டு?”

ஆய்வேட்டின் நான்காம் இயல் இந்த இடத்தில் சரிந்தது. உண்மைதான். நம் ஊர்ப் பழைய வண்டியின் பின் அச்சில் மாட்டி, ஸ்பிரிங் போட்டு மேலே இழுத்து வைத்திருக்கும் அந்த இரட்டைக்கால் ஸ்டாண்டு, இறக்கினால் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பிவிடும். பெடலைச் சுற்றலாம், செயினுக்கு எண்ணெய் விடலாம், பிரேக் கட்டையை அளவாக வைத்துக்கொண்டு கோட்டம் பார்க்கலாம். தமிழ்நாட்டில் சைக்கிள் கற்ற பிள்ளைகள் பலர் முதலில் ஓட்டியது ஸ்டாண்டு போட்ட வண்டியைத்தான். கால் எட்டாமல், ஓர் அங்குலமும் நகராமல், உலகம் சுற்றியிருக்கிறார்கள். திருவொற்றியூர்ப் புல்லட்டின் சென்டர் ஸ்டாண்டை இதற்குப் பெரியப்பா மகன் என்று சொல்லலாம். அந்த உறவு வெறும் கற்பனையுமல்ல: இங்கிலாந்தின் ரெட்டிச்சில் இருந்த மூல என்ஃபீல்டு, மோட்டார் சைக்கிளுக்கு வருமுன் சைக்கிள்தான் செய்துகொண்டிருந்தது.

பஞ்சருக்கும் இதே கதை. வெளிநாட்டு நூல்கள் சக்கரத்தைக் கழற்று என்று தொடங்கும். நம் மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றுவதே இல்லை. டயரின் ஒரு பக்கத்தை மட்டும் நெம்பி, டியூபைக் குடலாக வெளியே இழுத்து, தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தில் உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி ஒட்டிவிடுவார். வண்டி அதுபாட்டுக்குத் தன் ஸ்டாண்டில் நிற்கும்.

அப்படியானால் தனி ஸ்டாண்டுக்கான தேவை எங்கிருந்து முளைத்தது? கியர் வைத்த புதுவண்டிகளைப் பாருங்கள். அவற்றில் இரட்டைக்கால் இல்லை. எடை கூடும், அழகு குறையும் என்று எடுத்துவிட்டார்கள். இருந்தால் ஒற்றைக்கால் சைடு ஸ்டாண்டு, அதுவும் வண்டியைச் சாய்க்கும், தூக்காது. ஆகவே இவ்வாய்வின் மையக் கருதுகோளை இங்கே முன்வைக்கலாம்: கடையில் நாம் தேடும் ஸ்டாண்டு, நம் வண்டியிலிருந்து கழற்றப்பட்ட ஸ்டாண்டுதான். 1949-ல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கிய காலத்தில் வண்டியோடு சேர்ந்து வந்த பொருள், இன்று தனி அட்டைப்பெட்டியில், தனி விலையில் வருகிறது. அமெரிக்காவில் விற்கும் நல்ல மடக்கு ஸ்டாண்டு ஒன்றின் விலைக்கு இங்கே ஸ்டாண்டோடு கூடிய முழு சைக்கிளே வாங்கிவிடலாம் என்பதைப் பொருளியல் துறையின் பார்வைக்கு வைக்கிறோம்.

பழைய வண்டிக்கும் முன்சக்கரம் உண்டே என்பார் உண்டு. இரட்டைக்கால் அதைத் தூக்காது. அங்கேதான் கவிழ்ப்பு மரபு வருகிறது. சீட்டையும் ஹேண்டில்பாரையும் தரையில் ஊன்றி, வண்டியைத் தலைகீழாக நிறுத்துவது. மூன்று புள்ளியில் நிற்பதால் ஆடாது, செலவு ஒரு பழைய கோணிப்பை. ராடு பிரேக் வண்டிக்கு இதைவிடச் சிறந்த தாங்கியை வடிவியல் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பெல்லை மட்டும் ஒரு பக்கமாகத் திருப்பிவிட வேண்டும். புதுவண்டியைக் கவிழ்த்தால் கியர் லீவர் தரையில் உரசும். ஹைட்ராலிக் பிரேக் வண்டியென்றால் எண்ணெய்க் குழாயில் காற்றுக் குமிழி ஏறி, நிமிர்த்திய பின் பிரேக் பஞ்சாய் அமுங்கும். கவிழ்ப்பு மரபை எதிர்ப்போர் அனைவரும் புதுவண்டிக்காரர்களே என்பது கவனிக்கத்தக்கது.

தொங்கல் மரபு இன்னும் பழையது. மரக்கிளையில் கயிறு, கயிற்றில் கொக்கி, கொக்கியில் சீட்டு. உயரத்தை முடிச்சால் கூட்டலாம் குறைக்கலாம், மடக்கினால் சட்டைப்பைக்குள் போகும். எடுத்துச் செல்லத்தக்க தாங்கி என்ற இலக்கணத்துக்கு இதைவிடப் பொருந்துவது இல்லை. ஒரே குறை, மரத்தை எடுத்துச் செல்ல முடியாது.

இடம்பெயர்வதா நிலைபெறுவதா என்ற இச்சிக்கல் திருவொற்றியூருக்குப் புதிதல்ல. பெரியபுராணம் சொல்லும் கதை: சங்கிலியாரை மணக்க வந்த சுந்தரர், உன்னைப் பிரியேன் என்று சன்னிதியில் சத்தியம் செய்ய வேண்டியிருந்தது. பிரியாமல் இருக்கும் உத்தேசம் அவருக்கு இல்லை. ஆகவே சத்தியம் செய்யும் நேரத்துக்கு மட்டும் கருவறையை விட்டு மகிழமரத்தடியில் போய் இருக்கும்படி இறைவனைக் கேட்டுக்கொண்டார். இறைவன் ஒப்புக்கொண்டு, செய்தியைச் சங்கிலியார் பக்கமும் தெரிவித்துவிட்டார். சங்கிலியார் தரப்பினர் மகிழமரத்தடியிலேயே சத்தியம் செய்யச் சொன்னார்கள். மகிழடி சேவை இன்றும் அக்கோயிலில் நடக்கிறது. மரத்தடிக்கு நகரும் தாங்கியை நம்பிக் கணக்குப் போட்டவருக்கு நேர்ந்த கதி இதுவென்றால், மடக்கு ஸ்டாண்டை நம்புவோர் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

அடுத்தது இடவியல். மேலைநாட்டுக் கையேடுகள் ‘உங்கள் கராஜில்’ என்று தொடங்கும். ராயபுரத்துச் சந்தில் கராஜ் என்பது மாடிப்படிக்கு அடியில் இருக்கும் முக்கோணம். அதில் ஏற்கெனவே சிலிண்டரும் பழைய பீரோவும் குடியிருக்கின்றன. முக்காலி ஸ்டாண்டு விரிந்தால் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம் கேட்கும். வாசல் நடைபாதை மொத்தமும் அதே அளவு. ஆகவே ஸ்டாண்டை விரித்ததும் எதிர்வீட்டு அக்கா குடத்தோடு நிற்பார், அவருக்குப் பின்னால் பால்காரர். “கொஞ்சம் நவுத்திக்கப்பா” என்ற குரலுக்கு ஒரு கால் மடங்கும். மூன்றில் ஒரு கால் மடங்கினால் என்னவாகும் என்பதைப் பௌதிகம் படிக்காதவரும் அறிவார். இரண்டு கால் மட்டும் முன்னுக்கு விரிந்து, கம்பத்தின் அடியே மூன்றாவது காலாக ஊன்றும் வகை சந்துக்குச் சற்றுப் பொருந்தும், சுவரோரம் ஒடுங்கும் என்பதால். அதில் வண்டியின் எடை விரிந்த கால்களின் பக்கம் விழும்படி மாட்ட வேண்டும், மறுபக்கம் மாட்டினால் கவிழும்.

மொட்டைமாடிக்குப் போகலாமே என்றால், அங்கே மதியத்துக்குப் பின் கடற்காற்று. அந்தரத்தில் தொங்கும் வண்டியின் முன்சக்கரத்தைக் காற்றே திருப்பும், நாம் எண்ணெய் விடக் குனியும் தருணம் பார்த்து. சுவரில் அடிக்கும் மடக்குக் கவ்வி ஒன்றும் உண்டு. அது வாடகை வீட்டுக்காரருக்கல்ல. சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்பது இப்பகுதி வீட்டு ஓனர்கள் கைக்கொள்ளும் ஒரே எழுதாச் சட்டம், வாடகை ரசீதைப் போலன்றி இது தவறாமல் வழங்கப்படுகிறது.

எந்த வகை வாங்கினாலும் ஸ்டாண்டும் இரும்புதானே. நெய்தல் நிலத்து உப்பு அதையும் தொடும். முதலில் கவ்வியைத் திறந்து மூடும் திருகு இறுகும், பிறகு காலை விரிக்கும் வளையம். அதைப் பழுதுபார்க்க அதை எதன்மேல் மாட்டுவது? தாங்கியைத் தாங்குவது எது என்று கேட்டுப் போனால் முடிவில்லை. தருக்க நூலார் இதை அனவஸ்தை என்னும் குற்றமாக வைத்தார்கள். அலுமினியத் தாங்கி இக்குற்றத்தை ஓரளவு தள்ளிப்போடும். ஆனால் அதிலும் போல்ட்டுகள் இரும்பு. துருவேறா எஃகு போல்ட்டாக மாற்றிக்கொண்டு, மாதமொருமுறை தேங்காயெண்ணெய்த் துணியால் துடைப்பவருக்கு மோட்சம் உண்டு.

ஸ்டாண்டின் எல்லையையும் சொல்லிவிட வேண்டும். பழைய வண்டியில் மிகக் கடினமான வேலை கிராங்கின் காட்டர் பின்னைக் கழற்றுவது. அதற்குச் சுத்தியல் வேண்டும், கிராங்குக்கு அடியில் முட்டுக்கொடுக்க ஒரு கனத்த இரும்புக் குழாய்த் துண்டு வேண்டும். அந்தரத்தில் தொங்கும் வண்டியை அடித்தால் அடி முழுவதும் ஸ்டாண்டின் ஆட்டத்தில் கரையும், பின் அசையாது. எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய ஸ்டாண்டானாலும், காட்டர் பின் வந்ததும் வண்டி தரைக்கு இறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆக, முடிவுரைக்கு முன் தேர்வுரை. இரட்டைக்கால் ஸ்டாண்டு உள்ள பழைய வண்டிக்காரர் எதையும் வாங்க வேண்டாம். ஸ்டாண்டின் ஸ்பிரிங்கை மட்டும் புதிதாக மாற்றிக்கொள்ளட்டும், அது தொய்ந்தால்தான் ஓடும்போது தரையில் உரசும். ஹைட்ராலிக் பிரேக்கும் கியரும் வைத்த வண்டிக்காரர், வீட்டுச் சந்தின் அகலத்தை முதலில் அளந்துவிட்டு, இரண்டு கால் விரியும் கவ்வி ஸ்டாண்டு பார்க்கலாம். கார்பன் வண்டியென்றால் சீட் போஸ்ட்டைத் தவிர வேறெதையும் கவ்வ விடக் கூடாது. நடுவில் உள்ளவர்கள், அதாவது பெரும்பாலோர், பின் அச்சுக் கொக்கித் தாங்கியோடு நிறுத்திக்கொள்ளலாம். அதையும் கடையில் வாங்காமல், ஜி.ஐ. பைப்பை அளவு கொடுத்து வளைத்து ஒட்டித் தரச் சொல்லலாம்; லாரிச் சேஸிஸை ஒட்டும் வெல்டிங் பட்டறைகள் நிறைந்த ஊரில் இதற்கு டீ குடிக்கும் நேரம்தான் ஆகும். அடிக்கும் பெயிண்டில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது.

ஒரு வகை மட்டும் எந்தக் கையேட்டிலும் இடம்பெறவில்லை. அது உயிர்த்தாங்கி. “தம்பி, கேரியரைக் கொஞ்சம் தூக்கிப் பிடி” என்று சொன்னதும் வந்து நிற்கும் வீட்டுப் பிள்ளை. உயரம் தானே சரிசெய்துகொள்ளும், ஸ்பேனரை எடுத்துத் தரும், உருண்டோடிய பால்ரஸைக் கட்டிலடியிலிருந்து மீட்டுவரும். உப்புக்காற்று தொடாது. பரீட்சை நாளில் கிடைக்காது, தெருவில் கிரிக்கெட் தொடங்கினால் நடுவேலையில் கழன்றுகொள்ளும், முடிந்ததும் ஒரு ரவுண்டு ஓட்டக் கேட்கும் என்பவை அதன் அறியப்பட்ட குறைகள்.

பதினோராம் வகுப்பில் அரசு தரும் விலையில்லா மிதிவண்டி வந்ததும் இவ்வமைப்பு தலைகீழாகிறது. 2001-ல் மாணவியரில் ஒரு பகுதியினருக்கு என்று தொடங்கிப் பின்னர் விரிந்த அத்திட்டத்தால், வீட்டின் இளைய உறுப்பினர் வண்டியின் உடைமையாளர் ஆகிவிடுகிறார். பள்ளியிலிருந்து ஓட்டிவந்த அன்று மாலையே நட்டுகளையெல்லாம் ஒருமுறை முடுக்கிப் பார்ப்பது வழக்கம். அப்போது ஸ்பேனர் மகள் கையில் இருக்கும். “அப்பா, கொஞ்சம் தூக்கிப் பிடிங்கப்பா” என்ற அழைப்புக்கு நாற்பத்தைந்து வயதுத் தாங்கி ஒன்று வந்து நிற்கும். எடை தாங்கும், இடையிடையே ஆலோசனை சொல்லும், அது கேட்கப்படாது. முன்சக்கரத்துக்கு உட்கார வேண்டியிருப்பதால் மடங்கவும் செய்யும். மீண்டும் விரிக்கத்தான் இன்னொருவர் வந்து கைகொடுக்க வேண்டும்.